நாற்பது படம் எடுத்த கேமரா

போன மார்கழிக் கடைசியில், தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது நடந்தது இது. பொங்கலுக்கு முன்னால் சாமான்களையெல்லாம் வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு வெள்ளையடிப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் வெள்ளையடிப்பவன் என் கூட்டாளி. நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறான். நானும் அவனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாகப் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். அவன் பெயிண்டர் வேலைக்குப் போனான். நான் மாவு மில் வேலைக்குப் போய், பிறகு சின்னதாக ஒரு மில்லை எடுத்து நடத்துகிறேன்.

அன்றைக்கு அவன் ஏணியில் ஏறி, பரணில் கிடந்ததை ஒவ்வொன்றாகக் கீழே கொடுத்துக்கொண்டிருந்தான். நானும் ஏழாம் வகுப்புப் படிக்கிற என் மகளும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தோம். ஒரு பித்தளைக் குடம், ஓடாத டேபிள் ஃபேன், அதற்குப் பின்னாலிருந்து ஒரு துணிப்பை. பையைத் திறந்து பார்த்துவிட்டு அவன் சிரித்தான்.

"ஏலே, இந்தச் சவத்த இன்னுமா வச்சிருக்க?"

உள்ளே இருந்தது என்னுடைய பழைய கேமரா.

பிள்ளைகளே, நீங்கள் போனில் படம் எடுத்து, பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு இன்னொன்று எடுப்பவர்கள். இந்தக் கேமராவில் அது முடியாது. இதற்குள் ஃபிலிம் ரோல் போட வேண்டும். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறும் எடுத்து முடித்து, ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கும் வரை, எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனாலேயே ஒரு படம் எடுக்கிறோம் என்றால் ஆட்கள் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, நல்ல சட்டை போட்டு வந்து நிற்பார்கள். நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணும் வரை மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த ஒருவரிடம் அதை வாங்கினேன். எங்கள் தெருவில் அதுதான் முதல் கேமரா. காதுகுத்து, கோயில் கொடை, பால் காய்ப்பு என்று எங்கே விசேஷம் என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஆயுத பூஜையன்று மில் மோட்டாருக்குப் பொட்டு வைக்கும்போது கேமராவுக்கும் ஒரு பொட்டு வைப்பேன்.

இப்போது அது பார்க்கிற மாதிரி இல்லை. மேல் தோல் உரிந்து தொங்கியது. பின்பக்கக் கதவு மூடாததால் எப்போதோ நான் போட்ட ரப்பர் வளையம் இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குள் பூஞ்சை. பட்டனை அமுக்கினால் அமுங்கியபடியே நின்றது. இடுக்குகளில் மட்டும் என் மில்லின் மிளகாய்த் தூள் சிவப்பாக அப்படியே இருந்தது.

கூட்டாளி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கேமரா நல்ல கேமராதாம்லே. கெடுத்தது அந்த ஸ்டூடியோக்காரன்தான்" என்றவன், என் மகளைப் பார்த்து, "தாயி, எங்க கல்யாணத்துக்கு ஒங்க அப்பன் இதுல நாப்பது போட்டோ எடுத்தான். ஒண்ணுகூடக் கெடையாது. டவுண்ல அந்த ஆளு கழுவுதேன்னு சொல்லி எல்லாத்தையும் பாழாக்கிட்டான். இப்ப மகளுக்குத் தையில கல்யாணம் வச்சிருக்கோம்லா, மாப்பிள்ள வீட்டுல படம் எடுக்க அந்தக் கடையத்தான் சொன்னாங்க. அவன் காலு மண்டபத்துல படக்கூடாதுன்னு சொல்லிட்டேன்" என்றான்.

என் மகள் சாதாரணமாகத்தான் கேட்டாள். "அப்பா, அந்த ரோலு கெட்டுப்போனத நீங்க பாத்தீங்களா?"

நான் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

நடந்ததை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவன் கல்யாணம் ஒரு திங்கட்கிழமை காலை, ஆற்றங்கரைக் கோயிலில். படம் எடுக்க ஸ்டூடியோவில் சொல்லிவைக்கலாம் என்றுதான் அவன் இருந்தான். "எதுக்குலே ஸ்டூடியோ? நான் இருக்கேன்" என்று தடுத்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புது ரோலை வாங்கிக்கொண்டு வந்து போட உட்கார்ந்தேன். மணி நாலரை தாண்டிவிட்டது, ராகு காலம். நல்ல காரியத்துக்கான ரோலை இந்த நேரத்தில் போட வேண்டாம் என்று எடுத்து வைத்தேன். ஆறு மணிக்கு மேல் மாப்பிள்ளை அழைப்பு வேலையில் மறந்தே போனேன். மறுநாள் காலை மேளம் கொட்டத் தொடங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது. சந்தனம் பூசிய கையோடு, கோயில் தூண் மறைவில் நின்று அவசர அவசரமாக ரோலைப் போட்டுக் கதவை மூடினேன்.

ஃபிலிமின் நுனியை உள்ளே இருக்கிற உருளையின் இடுக்கில் செருகி, ஓரத்து ஓட்டைகள் பக்கத்துச் சக்கரத்தின் பல்லில் மாட்டிவிட்டனவா என்று பார்க்க வேண்டும். மாட்டியிருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் நாம் சுற்றும்போது மேலே இடது பக்கத்தில் இருக்கிற குமிழும் கூடவே சுற்றும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்குப் பார்க்கவில்லை.

தாலி கட்டு, மாலை மாற்று, பந்தி எல்லாம் எடுத்தேன். கேமராவில் எண் முப்பத்தாறு வந்தது. முப்பத்தேழு வந்தது. நாற்பது வரை வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். "ஏலே மாப்பிள, ஒனக்கு யோகம்லே. முப்பத்தாறு ரோல்ல நாப்பது படம்" என்று மணமேடையிலேயே சொன்னேன். பக்கத்திலிருந்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

ஸ்டூடியோக்காரர் மறுநாள் கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒன்றுமே இல்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தது. "ரோலு நகரவே இல்ல வே. பல்லுல மாட்டல. நாப்பது தடவையும் சும்மாதான் அமுக்கியிருக்கீரு" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். எப்படிச் சொல்வது என்று யோசிக்கவில்லை, எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசித்தேன். கூட்டாளி கேட்டதும், "ஸ்டூடியோவுல கழுவும்போது கெட்டுப்போச்சாம்லே" என்று சொல்லிவிட்டேன்.

அவன் அதோடு விடுவான் என்று நினைத்தேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு நேரே கடைக்குக் கிளம்பினான். நானும் பின்னாலேயே ஓடினேன். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் அந்த மனிதரைப் பார்த்து, "கல்யாணத்த இன்னொரு தடவ நடத்தவா முடியும் வே?" என்று தொடங்கி, சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னான். நான் கடைப் படியில் நின்றேன். ஸ்டூடியோக்காரர் அவன் தோளுக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"கழுவுற மருந்து கெட்டுப்போச்சு அண்ணாச்சி. என் தப்புதான்" என்றார்.

அதன் பிறகு எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்தக் கடைக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. நான் போகாததற்குக் காரணம் வேறு.

மகள் அப்படிக் கேட்ட அன்று சாயங்காலம் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினேன். எப்படியாவது அதைக் கண்ணில் படாமல் ஆக்கிவிட வேண்டும் என்றிருந்தது. பழைய சாமான் எடுக்கிற ஆக்கர் கடை வாசல் வரை போனேன். பொட்டு வைத்துக் கும்பிட்ட பொருளைத் தராசில் வைக்க மனம் வரவில்லை. கால் தானாக டவுணுக்கு, அந்த ஸ்டூடியோவுக்குப் போனது.

அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். கேமராவை வாங்கி, கதவைத் திறந்து, உருளையை விரலால் சுற்றிப் பார்த்தார்.

"இது அன்னைக்கும் நல்லாத்தான் இருந்துது. இனிமே சரி பண்ண முடியாது வே. இங்கனயே வச்சிட்டுப் போறதுன்னா வச்சிட்டுப் போவும்."

"அண்ணாச்சி, அன்னைக்கி ஏன் நீங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"அந்த ஆளு என் கடைக்கு வந்தா வருசத்துக்கு ஒருதரம் வருவாரு. நீரும் அவரும் தெனமும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கணும்லா. சரி, ஒரு வாரத்துல நீரே சொல்லிருவீருன்னு நெனச்சேன்." கேமராவைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வாரம் ரொம்ப நீண்டு போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

கேமராவை அங்கே வைத்துவிட்டு வந்தால் எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டு வந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. "இன்னைக்கி வேண்டாம் அண்ணாச்சி" என்று திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கூட்டாளி பாதிச் சுவர் அடித்துவிட்டு, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தான்.

"ஏலே, ஸ்டூடியோக்காரர் மேல தப்பில்ல. நான்தான் ரோல ஒழுங்கா மாட்டல" என்றேன்.

"எந்த ரோலு?"

"ஒன் கல்யாண ரோலு."

அவன் டீயை முழுவதும் குடித்தான். டம்ளரைப் பைய தரையில் வைத்தான்.

"அந்த மனுசன ஆளுக முன்னால என்னல்லாம் பேசினேன். நீ படியிலதானலே நின்ன."

"ஆமா."

அவன் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பாதிச் சுவர் வெள்ளையாகவும் பாதி அழுக்காகவும் நின்றது. அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். நான் வேண்டாம் என்றேன். அந்த இரண்டு நாளும் மில்லில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருடைய அரிசியையும் இன்னொருவருடைய அரிசியையும் மாற்றி அரைத்துப் பேச்சு வாங்கினேன்.

மூன்றாம் நாள் காலை அவனும் அவன் பெண்டாட்டியும் வந்தார்கள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டான். அந்தம்மாதான் உள்ளே வந்தாள்.

"அண்ணே, போட்டோ இல்லாதது போவட்டும். எங்க கல்யாணத்தன்னைக்கி எங்க அப்பா ஒங்ககிட்ட கேட்டாரே, கண்ண மூடலாமா கூடாதான்னு, ஞாபகம் இருக்கா? அதுக்கு முன்னால அவரு கேமரா முன்னால நின்னதே கெடையாது. அவரு செத்தப்ப ரேஷன் கார்டுல இருந்த மங்கல் படத்தத்தான் பெருசாக்கி வச்சோம். அதப் பாக்கும்போதெல்லாம் அந்த ஸ்டூடியோக்காரரச் சபிச்சிருக்கேன். ஒரு பாவமும் செய்யாத மனுசன இத்தன வருசம் சபிக்க வச்சிட்டீங்களே அண்ணே."

நான் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். இவ்வளவு காலமும் என் பொய்யால் ஒருவருடைய பேர்தான் கெட்டது என்று நினைத்திருந்தேன். இந்த அம்மாவின் மனதில் அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

வாசலிலிருந்து கூட்டாளியின் குரல் கேட்டது. "மூதி, நின்னுட்டே இருந்தா எப்படி? கேமராவ எடுத்துட்டு வா. போவோம்."

மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். அந்தம்மா பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து, வெற்றிலை பாக்கு, பழத்தோடு மகள் கல்யாணப் பத்திரிகையை வைத்து நீட்டினாள். கூட்டாளி, "அண்ணாச்சி, அன்னைக்கி நான் பேசுனது" என்று தொடங்கி நிறுத்திவிட்டான்.

"நீரு பேசுன வேகத்துல பாதி எனக்குப் புரியவே இல்ல வே" என்று சொல்லி அவர் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மக கல்யாணத்துக்கு நீங்கதான் படம் எடுக்கணும்."

"எடுக்கேன். இப்பதான் ரோலு போடுற சோலி இல்லையே" என்று என்னைப் பார்த்தார். முதலில் சிரித்தது அந்தம்மாதான். பிறகு கூட்டாளியும் சிரித்தான். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. அதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

நான் கேமராவை மேஜை மேல் வைத்தேன். அவர் இற்றுப்போன ரப்பரைப் பிய்த்தெறிந்துவிட்டு, ஒரு துணியால் அதை நன்றாகத் துடைத்து, கண்ணாடி அலமாரியில் மேல் தட்டில் வைத்தார். எத்தனை பேர் அதன் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் இன்று கல்யாண வயதில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் முதல் படம் எடுத்தது அதுதான். கடைசியாக ஒரு தடவை தொட்டுவிட்டுப் படி இறங்கினேன்.

அந்தக் கேமராவை நினைக்கும்போது அது எடுத்த நல்ல படங்களும் நினைவுக்கு வருகின்றன, படத்தில் வராமல் போன என் கூட்டாளியின் மாமனார் முகமும் கூடவே வருகிறது; அதனால்தான் இப்போதெல்லாம் மில்லில் யாருடைய ஒரு படி மாவு கெட்டுப்போனாலும், அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய் 'என் தப்பு' என்று சொல்லிவிட்டு வந்த பிறகுதான் சாப்பிட உட்காருகிறேன்.