ஐந்தெழுத்தில் மழை

பிள்ளைகளே, அன்றைக்குத் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்று புரோகிராமும் ஓடுகின்றன என்று கம்ப்யூட்டர் சொன்னது. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் மழை எச்சரிக்கையை யாருக்கெல்லாம் அனுப்ப வேண்டுமோ, அவர்களில் ஒருவருடைய பெயரும் உள்ளே இல்லை. வெளியே நமுனுகுல மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"அப்பா ஆபீஸ்ல கறுப்புத் திரையில என்னதான் தட்டுறீங்க?" என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அந்த ஒரு நாளைச் சொன்னால் விளங்கிவிடும் என்று இதை எழுதுகிறேன்.

1. என் வேலை

நான் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். போய் நின்றேன். தராசோடு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதைப் பழகி, பிறகு பதுளை டவுனில் இப்போது இருக்கிற இந்த ஆபீசுக்கு வந்தேன்.

இங்கே நாங்கள் பார்ப்பது மண்சரிவு எச்சரிக்கை. தோட்டங்களின் மேட்டுப் பகுதிகளில் மழைமானிகள் வைத்திருக்கிறோம். எவ்வளவு மழை பெய்கிறது என்பதை அவை எங்கள் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஓர் அளவைத் தாண்டினால், கீழே அறை அறையாக வரிசையாகக் கட்டியிருக்கிற லயங்களில் இருப்பவர்களின் போனுக்கு மெசேஜ் போகும். அவர்கள் வீட்டை விட்டுக் கோயில் மண்டபத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஏறிவிட வேண்டும்.

போன் நம்பர் வாங்குவதற்குத் தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். அங்கே கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில் செல்லம்மா அக்கா இருக்கிறார். அவருடைய கணவர் முத்துவேல் அண்ணன் நிழல் மரத்தில் கிளை வெட்டும்போது விழுந்தவர். அதிலிருந்து நடக்க முடியாது. அக்கா மலைக்குப் போனால் அவர் காம்பராவில் தனியாகத்தான் படுத்திருப்பார். மலை என்றால் உங்களுக்குத் தெரியும். நம் ஆட்களுக்கு அது கொழுந்து பறிக்கிற இடம்.

அக்கா நம்பரைச் சொல்லிவிட்டு, "தம்பி, மத்தவங்களுக்கு மழ ஊத்துறப்ப சொன்னாலும் எந்திரிச்சு ஓடிருவாங்க. நான் மலையிலேருந்து எறங்கி வரணும், தூக்குறதுக்கு நாலு பேரப் புடிக்கணும். எனக்கு மட்டும் கொஞ்சம் முன்னாலேயே சொல்லிருங்க" என்றார்.

அதற்காகவே ஒரு தனிப் பட்டியல் போட்டோம். தூக்கிக்கொண்டு போக வேண்டியவர்கள் இருக்கிற வீடுகளுக்கு மற்றவர்களுக்கு முன்பே முதல் மெசேஜ் போகும்.

2. லயம் கட்டுகிற மாதிரி

இந்த ஏற்பாட்டில் மூன்று புரோகிராம்கள் இருக்கின்றன. ஒன்று மழைமானி சொல்வதை வாங்கிக்கொள்ளும். ஒன்று மெசேஜ் அனுப்பும். மற்றது டேட்டாபேஸ், பெயர்களும் நம்பர்களும் அதில்தான். ஒவ்வொன்றையும் ஒரு கொன்டெய்னரில் தனித்தனியாக அடைத்திருக்கிறோம். ஒன்றில் கோளாறு வந்தால் மற்றது கெடாமல் இருப்பதற்காக. மூன்றையும் சேர்த்து ஒரு கூட்டமாக வைத்தால் அதற்குப் பொட் என்று பெயர். உங்கள் அம்மா "பொட்டு வைக்கிற வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என்று சிரிப்பாள்.

எனக்கு இது விளங்கியது லயத்தை வைத்துத்தான். காம்பராக்கள் தனித்தனி. ஆனால் லயத்துக்கு விலாசம் ஒன்றுதான். ஒரு காம்பராவில் பேசினால் பக்கத்தில் கேட்கும். வெளியிலிருந்து உள்ளே வர எத்தனை வாசல் என்பதை மட்டும் கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். கட்டி முடித்த பொட்டில் புது வாசல் உடைக்க முடியாது. வாசல் வேண்டுமென்றால் பழையதை எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். அந்த வாசலுக்கு எங்கள் வேலையில் போர்ட் என்று பெயர்.

இதைச் சொன்னதும் எங்கள் என்ஜினியர் தர்ஷினி மிஸ், "நல்லாத்தானே இருக்கு" என்று அந்தப் பொட்டுக்கே layam என்று பெயர் வைத்துவிட்டார். மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். இதையெல்லாம் முதலில் அமைத்தவரும் அவர்தான்.

அந்த வாரம் செல்லம்மா அக்கா இருக்கிற தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் புது மழைமானி வந்தது. வேறு கம்பனியின் சாமான். அது வேறொரு வாசல் வழியாகத்தான் பேசும். ஆக, பொட்டைத் திரும்பக் கட்ட வேண்டும். மிஸ்ஸோ தங்கச்சி கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போய்விட்டார். என்ன தட்ட வேண்டும் என்று கேட்டிருந்தேன். பதில் எழுத்தில் வரவில்லை, குரல் பதிவாக வந்தது.

"லோகா அண்ணை, கையெல்லாம் மெகந்தி. டைப் பண்ணேலாது. வாயால சொல்லுறன், கேட்டு அடியுங்கோ. பழசை அழிக்கப் பயப்படாதேங்கோ. பேர், நம்பர் எல்லாம் வொலியூமிலதான் கிடக்கு, அது அழியாது. வொலியூமின்ர பேர் மழை. டேட்டாபேசுக்கு அதை மறக்காமல் குடுங்கோ."

வொலியூம் என்பது ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பராவை இடித்தாலும் பெட்டி தனியாக இருக்கும். புதுக் காம்பராவிடம் பெட்டியின் பெயரைச் சொன்னால் அது எடுத்துக்கொள்ளும்.

3. பட்டியல் காலி

காலையில் வானம் நீலமாக இருந்தது. மழை எப்படியும் மத்தியானத்துக்குப் பிறகுதான் வரும் என்று தொடங்கினேன். பழைய பொட்டை எடுத்தேன். புதியதை இரண்டு வாசலோடு கட்டினேன்.

podman pod create --name layam -p 8080:80 -p 5055:5055

பிறகு ஒவ்வொரு கொன்டெய்னராக உள்ளே குடிவைத்தேன். டேட்டாபேசுக்கு மிஸ் சொன்ன பெயரைக் கொடுத்தேன்: -v mazhai என்று. கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டது. புது மழைமானியும் பேசத் தொடங்கியது. சந்தோஷமாக டீ குடித்தேன்.

எங்கள் பொறுப்பாளர் மகேஸ் சார் பண்டாரவளைக்காரர். எதையும் நேரில் பார்க்காமல் நம்ப மாட்டார். "ஓடுதுன்னு சொன்னா போதுமா? என் போனுக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்க பார்ப்போம்" என்றார்.

அனுப்பினேன். வரவில்லை. பட்டியலைத் திறந்தேன். காலி. சார் பெயர் இல்லை, என் பெயர் இல்லை. செல்லம்மா அக்காவின் பெயரைத் தட்டித் தேடினேன். அதுவும் இல்லை.

லயம் லயமாக ஏறி இறங்கிச் சேர்த்த நம்பர்கள். அழியாது என்று மிஸ் சொன்னது அழிந்துவிட்டதோ என்று நினைத்தேன். மேல் டிவிஷனில் தூறல் தொடங்கிவிட்டது என்று அந்தப் புது மழைமானியே சொல்லிக்கொண்டிருந்தது.

மகேஸ் சார் என்னைத் திட்டவில்லை. தோட்டத்து ஆபீசுக்கு போன் போட்டார். அங்கே கணக்கெழுதுகிற கிளாக்கர் ஐயா எடுத்தார்.

"எல்லாரும் மலைக்குப் போயிட்டாங்க சார். லயத்துல முடியாதவங்களும் புள்ளைங்களுந்தான். சொல்லி அனுப்ப ஆள் பார்க்கிறேன். ஆனா ஆள் நடந்து போய்ச் சேரணுமே."

போனை வைத்துவிட்டு சார் சொன்னார்: "அந்த ஆளு போய்ச் சேர்றதுக்குள்ள நீங்க இதச் சரிபண்ணிரணும், லோகா."

4. சாம்பார் வாளியோடு மிஸ்

மிஸ்ஸுக்கு அடித்தேன். பின்னால் மேளச் சத்தம், பாத்திரச் சத்தம்.

"ஓம் அண்ணை, கெதியாச் சொல்லுங்கோ. பந்தி நடக்குது, கையில சாம்பார் வாளி."

"மிஸ், எல்லாம் ஓடுது. ஆனா லிஸ்ட்டு காலியா இருக்கு. ஒரு பேருகூட இல்ல."

"அதெப்பிடி? வொலியூம் குடுத்தனீங்களோ?"

"குடுத்தேன் மிஸ். நீங்க சொன்ன மாதிரி மழைன்னுதான் குடுத்தேன்."

"மழைதானே?"

"மழையேதான் மிஸ்."

"அப்ப வரோணுமே."

பக்கத்தில் நின்ற மகேஸ் சார், "நீங்க ரெண்டு பேரும் மழ மழன்னு கூப்புட்டு அது நெசமாவே வந்துருச்சு" என்று ஜன்னலைக் காட்டினார். டவுனிலும் பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியிருந்தது.

"அண்ணை, என்னென்ன வொலியூம் கிடக்கு எண்டு பாத்து வாசியுங்கோ."

podman volume ls என்று தட்டினேன். இரண்டு பெயர் வந்தது.

"ரெண்டு இருக்கு மிஸ். மழை. மலை."

"ஒண்டையே ரெண்டு தரம் சொல்லுறியள்."

"இல்ல மிஸ். ஒன்னு மழை. இன்னொன்னு மலை. கொழுந்து பறிக்கிற மலை."

"மலையோ? நான் மலை எண்டு ஒண்டும் வைக்கேல்லையே."

"மானி வச்ச மலைங்களோட வெவரத்த அதுல போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் மிஸ். அதான் நான் தொடல."

மேளச் சத்தத்துக்கு மேல் மிஸ் குரலை உயர்த்தினார்.

"அண்ணை, அந்த மலையை எழுத்து எழுத்தாச் சொல்லுங்கோ."

"எம், ஏ, எல், ஏ, ஐ."

"ஐயோ அண்ணை, அதுதான் என்ர மழை."

எனக்கு உடனே விளங்கவில்லை. "நீங்கள் மழையை எப்பிடி எழுதினனீங்கள்?" என்று கேட்டார்.

"எம், ஏ, இசட், எச், ஏ, ஐ."

அவர் சிரித்தாரா, அழுதாரா தெரியாது. பின்னால் யாரோ "பிள்ளை, சாம்பாரைக் கொண்டு வா" என்று கூப்பிட்டார்கள். "பொறுங்கோ பெரியம்மா, மழை கிடைச்சிட்டுது" என்று இவர் பதில் சொன்னது நன்றாகக் கேட்டது.

நடந்தது இதுதான். போனில் தமிழ் தட்டிப் பழகிய எனக்கு, இசட்டும் எச்சும் அடித்தால்தான் ழ வரும். மிஸ் படித்த இடத்தில் ழவுக்கு எல்தான் போடுவார்கள். வாழைச்சேனை ஸ்டேஷன் பலகையையே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு மழையும் தெரியாது, மலையும் தெரியாது. சொன்ன பெயரில் பெட்டி இல்லாவிட்டால் அது இல்லை என்று சொல்வதில்லை. அந்தப் பெயரில் ஒரு காலிப் பெட்டியைத் தானே செய்து கொடுத்துவிடும். நான் கேட்ட மழையை அது புதிதாகச் செய்து தந்திருக்கிறது. மிஸ்ஸின் மழை பக்கத்திலேயே முழுதாக இருந்திருக்கிறது.

பொட்டை மறுபடி இடிக்கத் தேவையில்லை. டேட்டாபேஸ் காம்பராவை மட்டும் எடுத்துவிட்டு, -v malai என்று சொல்லித் திரும்ப வைத்தேன். மிஸ் வாளியைக் கீழே வைத்துவிட்டு லைனிலேயே இருந்தார். பட்டியலைத் திறந்தேன். பெயர்கள் மேலிருந்து கீழ்வரை வரிசையாக வந்து நின்றன. செல்லம்மா அக்காவின் பெயரைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மகேஸ் சாருடைய போன் சிணுங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "இப்ப நம்புறேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் மேல் டிவிஷனில் மழை அளவைத் தொட்டது. தூக்க வேண்டிய வீடுகளுக்கு முதல் மெசேஜ் போனது. பிறகு மற்ற எல்லாருக்கும்.

5. அதற்குப் பிறகு

நன்றாக ஊற்றிக்கொண்டிருக்கும்போது ஆபீஸ் போனுக்குச் செல்லம்மா அக்கா அடித்தார்.

"தம்பி, தூக்கியாந்துட்டோம். கோயில் மண்டபத்துல நாற்காலியோட உக்கார வச்சிருக்கு. பீடி கேக்குறாரு. குடுக்கலாமா?"

"அதுக்கு எங்க சிஸ்டத்துல ஒன்னும் இல்லக்கா."

"சரி, நானே பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிட்டார். நானும் மகேஸ் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். காலையிலிருந்து அப்போதுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

சாயங்காலம் மழை விட்டது. எங்கேயும் மண் சரியவில்லை. காலிப் பெட்டியை அழித்துவிட வேண்டும் என்று மிஸ்ஸை மறுபடி கூப்பிட்டேன். தவறான பெட்டியை அழித்தால் மீளவே முடியாது.

"எந்த மழையை அழிக்கப் போறியள்?"

"இசட் மழை மிஸ்."

"எல் மழையில கை வைக்காதேங்கோ. அடிச்சதைத் திரும்ப வாசியுங்கோ."

வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். அதற்குப் பிறகுதான் தட்டினேன். மிஸ்ஸின் வொலியூமுக்குப் பெயர் மாற்ற வழியில்லை என்பதால் இன்றைக்கும் அது மலை என்ற எழுத்தில் இருக்கிற மழைதான்.

பிள்ளைகளே, அன்று மிஸ் சொன்னதும் சரி, நான் அடித்ததும் சரி. இரண்டு பேரும் சரியாக இருந்ததால்தான் எங்கே பிசகியது என்று தெரியவில்லை. அதனால் நான் இப்போது இரண்டு காரியம் தவறாமல் செய்கிறேன். பெயர் என்றால் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்கிறேன். ஓடுகிறது என்று திரை சொன்னால், உண்மையான ஆளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பிப் பார்க்கிறேன். நீங்கள் எந்த வேலைக்குப் போனாலும், விளங்கிவிட்டது என்று தலையாட்டுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் சிலர், "சும்மா எங்கள ஓட வச்சிட்டீங்களே, ஒன்னும் விழலையே" என்று முனகினார்கள். கடைசிக் காம்பராவில் முத்துவேல் அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"தூக்குனதுல இடுப்பு புடிச்சிருச்சு தம்பி" என்றார்.

"மன்னிச்சிருங்கண்ணே. ஒன்னும் விழல."

"அதனால என்ன? விழுறதப் பார்த்துட்டு ஓடுறதுக்கு எனக்கென்ன காலா இருக்கு? சும்மாவாச்சும் முன்னாலேயே சொல்லுங்க."