முன்முனையில் என் அக்கா

எங்கள் மலை ரயிலில் என்ஜின் பெட்டியை இழுக்காது, பின்னாலிருந்து முட்டித் தள்ளும். இரண்டையும் சேர்த்துப் பிணைக்கும் கொக்கிகூடக் கிடையாது. என்ஜின் ஓட்டும் எனக்குத் தெரிவதெல்லாம் பெட்டியின் முதுகுதான். வழி பார்ப்பது முன்முனையில் நிற்கும் என் அக்கா. அவள் பச்சைக் கொடியைப் பக்கவாட்டில் நீட்டினால் தள்ளுவேன், சிவப்பென்றால் நிறுத்துவேன். மழையோ வெயிலோ, அந்த இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சும்மா சொல்லக் கூடாது, அவளுக்குக் கண் கழுகுக் கண். வாய் அதைவிடக் கூர்மை, அதுதான் வம்பு.

ஒருநாள் அடிவார நிலையத்தில் என்ஜினைப் பெட்டியோடு சேர்க்கும்போது கொஞ்சம் இடித்துவிட்டேன். அவள் கையிலிருந்த டீ சட்டையெல்லாம் கொட்டிவிட்டது. பயணிகள் அத்தனை பேர் முன்னால், "வண்டி ஓட்டச் சொன்னா வீட்டை இடிக்கிறான்!" என்றாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவள் மட்டும் சளைத்தவளா? சாப்பாட்டு டப்பாவை வழக்கம்போல என்ஜின் படியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நானும் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு முறைப்பேன். மாதக்கணக்கில் எங்களுக்குள் கொடிதான் பேசியது.

பனிமூட்டமான ஒரு நாள், செங்குத்தான ஏற்றத்தில், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் படாரென்று வெடித்தது. ஒரே நீராவி, ஒன்றும் தெரியவில்லை. கரி போடுகிறவர் பதறிப்போய், உடைந்த குழாயை அடைப்பதற்குப் பதில் சக்கரங்களை ஓட்டும் நீராவியையே அடைத்துவிட்டார். அவ்வளவுதான், என்ஜின் பின்னோக்கி உருண்டது. பெட்டியும் எங்கள்மேல் வந்து விழுந்தால் கதை முடிந்தது.

பெட்டி வரவில்லை. தள்ளும் விசை தளர்ந்ததைக் காலிலேயே உணர்ந்து, அக்கா முன்முனையிலிருக்கும் பெட்டியின் பிரேக் சக்கரத்தைத் திருகி அதை அப்படியே நிறுத்தியிருந்தாள். பெட்டி நிறைய ஜனம். தம்பி பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போகிறான். சக்கரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கவும் அவளால் முடியாது.

தட்டுத்தடுமாறி நான் பிரேக்கைப் பிடித்து என்ஜினை நிறுத்தியபோது மேலேயிருந்து குரல் வந்தது.

"டேய் குண்டா! இருக்கியாடா? குரல் குடுடா!"

சின்ன வயதில் கூப்பிட்ட பெயர்.

"இருக்கேன்க்கா!"

உடைந்த குழாய்க்குப் போகும் திருகுகளை மூடிவிட்டு, என்ஜினை மெல்ல மேலே ஏற்றினேன். பெட்டியைத் தொட்டது எனக்கே தெரியவில்லை. என்ஜினைக் கரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு முன்னால் ஓடினேன். அக்கா இன்னும் சக்கரத்தைப் பிடித்தபடி வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னமெல்லாம் ஈரம்.

"சுட்டுடுச்சாடா?"

"லேசா முழங்கையில. நான்தான் வந்துட்டேன்ல, கையை எடுக்கா."

"எடுக்க வரலைடா."

விறைத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"வந்து சேந்ததே தெரியலை. இவ்வளவு மெதுவா சேக்கத் தெரிஞ்சவன், அன்னைக்கு ஏன்டா என் டீயைக் கொட்டினே?"