நாற்பத்தேழாம் எண் டோக்கன்

மலாக்காவில், காஜா பெராங் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் தகரக் கண்டீன் டோக்கன்களைக் கொட்டிவைத்திருந்தார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டி எண் பார்த்தேன்.

"எந்த நம்பரா இருந்தா என்னம்மா? எல்லாம் ஒரே தகரம்தான்."

அவருக்கென்ன தெரியும்.

ஜப்பான்காரன் காலத்தில் அப்பா லாரிப் பட்டறையில் இருந்தார். காலையில் கொடுக்கும் டோக்கனைப் பத்து மணிக்குக் கண்டீனில் நீட்டினால் சீனியில்லாத கோப்பியும் அவித்த மரவள்ளிக்கிழங்கும் கிடைக்கும். கிழங்கை எனக்குக் கொண்டுவந்துவிடுவார்.

ஒருநாள் சயாமில் ரயில்பாதை போட அவரைப் பட்டறையிலிருந்தே பிடித்துப்போனார்கள். அவர் கழற்றி மாட்டியிருந்த சட்டையை உடன் வேலை செய்த ஒருவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பையில் அன்றைய டோக்கன், நாற்பத்தேழு. அம்மா அதைச் சாமி படத்தடியில் வைத்தார்.

"அப்பா வந்து குடிப்பாரு. யாரும் தொடக்கூடாது."

மூன்றாம் மாதம் பசி தாங்காமல் அதை எடுத்துக்கொண்டு கண்டீனுக்கு ஓடினேன். கண்டீன்காரர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிழங்கைக் கொடுத்தார். அங்கேயே நின்று முழுவதையும் தின்றேன்.

மாலையில் அம்மா படத்தடியைப் பார்த்தார். அடி விழும் என்று நின்றேன்.

"கிழங்கு நல்லா வெந்திருந்துச்சா?"

"வேகலம்மா" என்று பொய் சொன்னேன்.

அப்பா வரவேயில்லை. இந்தக் குவியலிலும் நாற்பத்தேழு இல்லை.