எது மாதிரி இருக்கு என்று கேட்டவர்

போன வியாழக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் காளவாசலைத் தாண்டிக்கொண்டிருந்தபோது செல்வத்திடமிருந்து போன் வந்தது. செல்வம் பாண்டியம்மாளின் தம்பி. "எங்க வந்துக்கிட்டிருக்கீங்க சார்?" என்று கேட்டான். சொன்னேன். "மெதுவா வாங்க. இனிமே அவசரமில்ல" என்றான். சரி என்று சொல்லி போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். ஒரு நிறுத்தம் கடந்த பிறகுதான் அவன் சொன்னது எனக்கு உறைத்தது.

அவரோடு வலி அறையில் பழகிய உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இருக்காது. என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்களும் உங்களில் உண்டு. வியாழக்கிழமைகளில் அங்கே நோட்டு எழுதியவன் என்பதால் அவர் நினைவாக என்னை எழுதச் சொன்னார்கள். பாண்டியம்மாள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு ஒரு சிறிய மருத்துவமனையின் பின்பக்கமிருந்த அந்த வலி அறையில், சிகிச்சை முடிந்தும் வலி விடாதவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடம் முதலில் "டாக்டர்ட்ட காட்டியாச்சா?" என்பார். காட்டாதவர்களை உட்காரவே விடமாட்டார். காட்டியவர்களிடம், "அந்த வலி எது மாதிரி இருக்கு?" என்று கேட்பார். அவர்கள் என்ன சொன்னாலும், அந்த உவமைக்குள்ளிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பார். "வலியைப் போக்குறேன்னு நான் யாருக்கும் சொல்லல. வலியோட பேச வச்சு விடுறேன், அம்புட்டுத்தான்" என்பார்.

நான் அங்கே நோயாளியாகத்தான் போனேன். கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். மனைவி இறந்த ஆறாம் மாதம் தொண்டையில் ஓர் இறுக்கம் வந்தது. குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். எந்த நேரத்தில் எவ்வளவு இறுக்கம் என்று வரைபடத் தாள்களில் குறித்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பாண்டியம்மாள் ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் புரட்டினார். "இம்புட்டு எழுதியிருக்கீங்க சார். எது மாதிரின்னு மட்டும் எங்கயுமே இல்லையே" என்றார். எனக்கு உவமையெல்லாம் வராது என்றேன். "வரும்போது வரட்டும். நான் எங்க போயிறப்போறேன்" என்றார்.

மூன்றாவது வாரம்தான் வந்தது. தேர்வு அறையில் கடைசி மணி அடித்த பிறகும் விடைத்தாளைத் தராமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவியைப் போல இருக்கிறது என்றேன். சொன்னதும் வெட்கமாகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பிள்ள என்ன எழுதுது?"

"எழுதவில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை."

"அதுக்கு என்ன வேணும்?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

"குடுக்கலாமா சார்?"

பணிக்காலம் முழுவதும் யாருக்கும் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகத் தராத கண்காணிப்பாளன் நான். தரலாம் என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அன்று மதியம் சோறு தடையில்லாமல் இறங்கியது. அது அவர் கேள்வியாலா, நாள் கடந்துபோனதாலா என்று என்னால் நிறுவ முடியாது. அவரிடமே அதைச் சொன்னேன். "நிறுவ வேணாம் சார், சாப்பிடுங்க" என்றார்.

பிறகு நோட்டு எழுத வரலாமா என்று நானே கேட்டுச் சேர்ந்துகொண்டேன். சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு தவறு செய்தேன். சமயநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு விவசாயப் பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். இடுப்பில் மடை உடைந்து தண்ணீர் நிற்காமல் ஓடுவது மாதிரி இருக்கிறது என்றார். அந்த நேரம் பார்த்து பாண்டியம்மாளை வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அறையில் பேச்சில்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படியானால் மடையை அடைத்துவிடலாமே அம்மா" என்றேன். அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடைச்சா தண்ணி தேங்கி எம் பயிரு அழுகிப்போகாதாய்யா?" என்றார். அதன் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாண்டியம்மாள் திரும்பி வந்து, "தண்ணி எங்க போகுது தாயி?" என்று கேட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. "கீழ வயலுக்கு" என்றார் அந்தப் பெண். அது யாருடைய வயல், அங்கே என்ன விளைகிறது என்று பேச்சு நெடுநேரம் போனது. எழுந்து போகும்போது அவர் இடுப்பில் கை வைக்கவில்லை என்று நோட்டில் எழுதினேன்.

அன்று மாலை பாண்டியம்மாள் என்னிடம், "வேட்டியோட அடுத்தவுக வயல்ல எறங்கிட்டீங்களே சார்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "கேட்டுட்டுச் சும்மா இருக்கணும். அதுதான் கஷ்டம். எனக்குமே பழக அஞ்சாறு வருசமாச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் நோட்டோடு நின்றுகொண்டேன்.

இந்த வருடம் அவருக்கே நோய் வந்தது. எலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். வில்லாபுரத்தில் தம்பி வீட்டில் இருந்தார். மருத்துவமனை மாத்திரையில் வலி பாதி அடங்கும், மீதி இருக்கும். இறப்பதற்கு முந்தைய வியாழக்கிழமை போயிருந்தேன். "வாரவுக எல்லாரும் எப்படியிருக்கீங்கன்னு கேக்குறாங்க. எது மாதிரி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கமாட்டேங்கிறாங்க. நீங்க கேளுங்க சார்" என்றார்.

கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "கூட்டமான பஸ்ஸு. எனக்குச் சீட்டு கெடச்சிருச்சு. நின்னுக்கிட்டு வந்த யாரோ, 'கொஞ்சம் பிடிங்கக்கா'ன்னு ஒரு பையை மடியில வச்சுட்டாங்க. கனம்னா கனம். யாரு வச்சதுன்னு பாத்தா கூட்டத்துல ஆளையே தெரியல."

அடுத்த கேள்விக்காகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பையில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எத்தனையோ வியாழக்கிழமைகள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய எனக்கு அது தெரியாததல்ல. அவரிடம் தவறாகக் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில், "அடுத்த வாரம் நன்றாகத் தயார் செய்துகொண்டு வருகிறேன்" என்றேன். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "சரி சார். பாத்துப் போங்க" என்றார். நான் வீட்டுக்கு வந்து பதினோரு கேள்விகளை வரிசைப்படுத்தி எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன சொன்னால் அடுத்து என்ன கேட்பது என்றும் குறித்துவைத்தேன். செல்வத்தின் போன் வந்தபோது அந்தத் தாள் என்னிடம் இருந்தது. ஒரு வாரம் அந்தக் கனத்தை அவர் தனியாக வைத்துக்கொண்டிருந்தார். இதை உங்களிடம் மறைக்க எனக்கு உரிமையில்லை.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, செல்வம் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். "அக்காவைத் தூக்கித் தூக்கி உக்கார வச்சதுல புடிச்சுக்கிருச்சு சார். டாக்டர் சுளுக்குத்தான்னாரு" என்றான். நான் எதையும் யோசிக்கவில்லை. "எது மாதிரி இருக்கு செல்வம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை. பாண்டியம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வியும், கேட்ட பின் காத்திருப்பதும்தான்.

"அக்கா இன்னும் கையப் போட்டுப் புடிச்சிருக்க மாதிரி இருக்கு" என்றான்.

அதற்கு என்ன வேண்டும் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் தேய்ப்பதை நிறுத்தி, தோளின் மேல் உள்ளங்கையை அப்படியே வைத்துக்கொண்டான்.

"இருக்கட்டும் சார்" என்றான்.