மாயம்மாளின் பீர்க்கை விதை

மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் என் பெண்டாட்டி மாயம்மாளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தமிழ்நாட்டுக்காரி என்று இளக்காரமாகப் 'பாண்டிக்காரி' என்பார்கள். மிளகுக் கிட்டங்கியில் மூட்டை சுமக்கிற என்னையும் 'பாண்டி' என்பார்கள்தான். எனக்கு உறைக்காது, அவளுக்கு உறைத்தது.

எழுபத்து நாலில் வீட்டுக்குப் பின்னால் ஒரு பீர்க்கங்கொடி ஏற்றினாள். கை நீளக் காய், துளி கசப்பு கிடையாது. தெருவே விதை கேட்டு வந்தது. அன்றைக்கு அவள் 'மாயம்மா சேச்சி' ஆனாள். அப்புறம் வருடா வருடம் ஓணம் கழிந்தால் எங்கள் வாசலில் கூட்டம்தான். ஆளுக்குப் பத்து விதை. பதினொன்று கேட்டால் முறைப்பாள். என்ன மிடுக்கு!

விதைக்கென்று விட்ட காயில் துணி கட்டிவிடுவாள். அதைத் தொட்டால் எனக்கே சோறு கிடையாது. கொடியிலேயே காய்ந்ததை முழுசாக அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கவிடுவாள். விறகுப் புகை பட்டுத் தோல் கறுத்துவிடும். கொச்சி மழை நாலு மாதம் ஊற்றினாலும் உள்ளே விதை கலகலவென்று கிடக்கும்.

எண்பத்திரண்டில் அவளுக்கு இருமல் முற்றியது. புகையே ஆகாது என்றார் டாக்டர். மறுநாளே மண்ணெண்ணெய் ஸ்டவ் வாங்கி வந்து விறகடுப்பை இடித்துத் தள்ளினேன், பெரிய சூரன் மாதிரி. மேலே தொங்கிய காய்களை அப்படியே விட்டுவிட்டோம். புகை இல்லாவிட்டால் ஈரம் ஏறிவிடும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. மிளகில் ஈரம் ஏறினால் மூக்கிலேயே கண்டுபிடிக்கிறவன் நான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஓணம் கழிந்து காயை உடைத்தாள். உள்ளே பூஞ்சை. விதையைப் பிளந்தால் பருப்பெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"ஒண்ணு ரெண்டாச்சும் மொளைக்குங்க" என்று அத்தனையையும் ஊன்றினாள். கேட்டு வந்தவர்களை அடுத்த வாரம் வரச் சொன்னாள். பத்து நாள் தோண்டித் தோண்டிப் பார்த்தாள். ஒன்றும் கிளம்பவில்லை. என்னைத் திட்டித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவே இல்லை.

"எட்டு வருசமா குடுத்தியே, அவங்ககிட்டக் கேப்போம், வா" என்று நான்தான் கூட்டிப் போனேன். வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒருத்தர் விடாமல் பிஞ்சிலேயே பறித்துத் தின்றிருக்கிறார்கள்!

கடைசியாகப் பாலக்காட்டுக் கமலாக்ஷி மாமி வீடு. முற்றத்தில் புதுப்பந்தல் போட்டுத் தயாராக இருந்தது.

"வாங்கோ, விதை கொண்டு வந்தேளா?" என்று மாமி சிரித்துக்கொண்டே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மாமிக்கு முகம் விழுந்துவிட்டது.

"ஐயோ, நீங்க இருக்கேளேன்னுதானே நான் ஒண்ணும் எடுத்து வைக்கலை!"

"பரவால்ல மாமி" என்றாள் மாயம்மாள்.

திரும்பும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆலுவாக் கடையில பாக்கெட்டுல பீர்க்கை விதை விக்கிறான். நாளைக்கே போய் வாங்கியாறேன்."

அவள் என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

"அதை யாரு வேணாலும் வாங்கிக்கலாமேங்க" என்றாள்.