உட்கார வைத்துக் கேட்ட டாக்டரம்மா

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. டாக்டரம்மா இறந்த செய்தி வந்தபோது நான் தாராவிப் பொதுக் கக்கூஸில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தேன். தம்பி முருகேசன் கதவைத் தட்டினான். "அண்ணே, கல்யாணி டாக்டரம்மா போயிட்டாவளாம்." அந்தச் செய்தியையும் அவன் ஓடிவந்து சொல்லவில்லை, நடந்தே வந்தான். ஓடக்கூடாது என்பது அந்த அம்மா போட்ட உத்தரவு.

மாட்டுங்காவில் அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்கெல்லாம் அவர் குணம் தெரியும். எங்கள் கதை தெரியாது. சீனாக்காரன் சண்டை முடிந்த சமயம் அது. நானும் தம்பியும் தோல் கிடங்கில் சுமை தூக்கிக்கொண்டிருந்தோம். ஒருநாள் தோல் கட்டைத் தூக்கிய தம்பி அப்படியே மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. படம் எடுத்து ஒரு குறையும் இல்லை என்றார்கள். எனக்கு ஒரே குஷி. டாக்டர் சீட்டு இருந்தால்தான் திரும்ப வேலை என்று மேஸ்திரி சொன்னதால் டாக்டரம்மாவிடம் போனோம்.

"படமே நல்லாருக்குல்லா, ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"படம் நன்னாத்தான் இருக்கு. இவன் எப்படி இருக்கான்னு இன்னும் கேக்கலையே."

ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். குத்தவைத்து உட்காரச் சொல்லிக் கேட்டார். எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார். மறுபடி உட்கார், எழுந்திரு.

"பள்ளிக்கூடத்துலயே தோப்புக்கரணம் போடாத பயதாம்மா இவன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நின்றால் நெஞ்சில் ஒரு இரைச்சல் கூடுகிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்றார்.

"அப்பா எப்படிப் போனார்?"

"கிணத்துல மாடு கட்டிக் கமலை இறைக்கும்போது பேய் அடிச்சுட்டும்மா."

"வேற யாராவது?"

"பெரியண்ணன். பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். அதுவும் பேய்னுதான் சொன்னாவ."

"அதென்னப்பா, உங்க வீட்டுப் பேய் ஓடி உழைக்கறவாளை மட்டும் அடிக்கறது?"

அது பேய் இல்லை, இதயத்துச் சதை தடித்துப்போகிற நோய், குடும்பத்தில் வழிவழியாக வரும், படத்தில் தெரியாமலும் இருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீயும் உட்காரு."

"நான் கூட வந்தவம்மா."

"கூடப் பொறந்தவனும்தானே. உட்காரு." கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவனுக்குச் சத்தமெல்லாம் வாயிலதான்."

இனிச் சுமை தூக்கக்கூடாது, ஓடக்கூடாது என்று சொன்னதும் தம்பி அழுதுவிட்டான். "சுமை தூக்காம நான் எப்படிம்மா பிழைப்பேன்?" செம்பூரில் தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் அவரே கூட்டிப்போய் மிஷன் முன்னால் உட்கார வைத்தார். ரயிலுக்கு ஓடினான் என்று கேள்விப்பட்டால் திட்டுவார். "இந்த வண்டி போனா அடுத்த வண்டி வரும். நீ போனா?"

அவரிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு கேள்வி. சின்ன வயதுக்காரர் யாராவது திடீரென்று செத்துப்போனார் என்றால், "என்ன செஞ்சிக்கிட்டிருக்கும்போது?" என்று கேட்டுவிடுவேன். சாவு வீட்டில் முறைப்பார்கள். கேட்டுக் கேட்டு ஒரு குடும்பத்தையே அவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

மாட்டுங்கா இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். பிறகு தலைவர் "உட்காருங்கள்" என்றார். எங்களுக்கு நாற்காலி கிடைத்திருக்கவில்லை. பழக்கதோஷம், நானும் தம்பியும் குத்தவைத்து உட்கார்ந்தோம். என் பேண்ட் பின்பக்கம் கிழிந்தது. தைத்தவன் பக்கத்திலேயே இருந்தான்.