சித்தப்பாவின் நல்ல தமிழ்

ஒன்பது வயது வரைக்கும் இடப்பெயர்வு என்பது ஒரு வருத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் நோயை வருத்தம் என்பார்கள். பிரான்சில், லா சப்பலில், மெற்றோ ரயில் போகும்போதெல்லாம் யன்னல் நடுங்குகிற எங்கள் வீட்டின் சுவரில் ஒரு சிறுவனின் படம் தொங்கியது. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. படத்தில் அவர் என்னைவிடச் சின்னவர். அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டால், "அவன் இடப்பெயர்விலை போனவன்" என்பார் அம்மா. அதற்கு மேல் ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி அட்டை கேட்ட வருடம், இடப்பெயர்வுக்கும் எனக்கு ஊசி போட்டாயிற்றா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அட்டையை என் பையில் செருகிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். ஆகவே அது ஊசி இல்லாத வருத்தம் என்று நானாகவே முடிவுசெய்துகொண்டேன்.

அம்மாவுக்கு மிச்சமிருந்த ஒரே உடன்பிறப்பு சித்தி. அவர் தமிழ்நாட்டுக்காரரான சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருந்தார். இரண்டு பையன்கள். சித்தி ஒரு தடவை தொலைபேசியை எடுக்காவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சித்தப்பா நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் பாதி ஆங்கிலம். "தம்பி, நீங்கள் பிறந்தது மதுரையோ, லண்டனோ?" என்று அப்பா அவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு பிரெஞ்சு என்பதை அப்பா கணக்கில் எடுப்பதில்லை. கடைசியில் சித்தப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "அண்ணா, இனிமே உங்க வீட்டுக்குப் பேசினா சுத்தத் தமிழ்தான்" என்று சபதம் போட்டார்.

அந்தச் சபதத்தைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நிறைவேற்றினார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கைபேசியில் சித்தப்பாவின் குரல் செய்தி வந்தது. அம்மாவின் கை ஈரம் என்பதால் நான்தான் அழுத்தினேன்.

"வணக்கம் அக்கா. நாங்கள் இன்று குடும்பத்துடன் இடம்பெயர்கிறோம். வீட்டை விட்டு வெளியேறிவிட்டோம். கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். மற்றவை எல்லாம் போய்விட்டன. போய்ச் சேர்ந்ததும் தொடர்புகொள்கிறோம்."

பின்னால் சின்னவன் வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது. அதோடு செய்தி முடிந்தது.

அம்மா குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க, குசினித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சித்தி வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த வருத்தம் வந்துவிட்டது! மாமாவின் படத்துக்குப் பக்கத்தில் இன்னும் நாலு படம் மாட்ட இடம் இருக்கிறதா என்று நான் சுவரைப் பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன்.

"இஞ்சாருங்கோ, ஓடியாங்கோ!" என்று அம்மா கத்திய கத்தலில் அப்பா பாதிச் சவரத்தோடு வந்தார். செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். சித்தப்பாவுக்கு எடுத்தால் மணி அடிக்கவில்லை. சித்திக்கும் அப்படியே. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ரூ பெர்தொனே தெருவுக்கு இறங்கிப் போனார். உலகத்தில் எங்கே என்ன நடந்தாலும் அங்கே தேத்தண்ணிக் கடையில் நிற்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. போன வேகத்திலேயே திரும்பி வந்தார். "அமெரிக்காவிலை ஒண்டுமில்லையாம்" என்றார். பிறகு சத்தத்தைக் குறைத்து, "ஆனா துவக்கும் தோட்டாவும் கடையிலை விக்கிற நாடுதானே, எதையும் சொல்லேலாது எண்டு சொல்லினம்" என்றும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

கீழ்வீட்டில் பிரெஞ்சு அரசாங்க வேலையில் இருந்து ஓய்வுபெற்ற புதுச்சேரி ஐயா ஒருவர் இருந்தார். அம்மா கத்தியதைக் கேட்டு மேலே வந்தார். செய்தியை ஒரே தடவை கேட்டார்.

"அட, இதுக்கா இவ்ளோ அழுகை? இது மியூத்தாசியோன்மா. வேலைல மாத்தல். எனக்கு லீல் ஊர்லேர்ந்து மர்செய்க்குப் போடல? அது மாரி ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்."

"மாத்தல் எண்டால் ஏன் ஐயா பிள்ளை அப்பிடி அழுகுது?" என்று அம்மா கேட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஐயா மெதுவாக இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அம்மா அழவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தவர்போல வீட்டைத் தலைகீழாக்கத் தொடங்கினார். என் கட்டிலில் இருந்த பொம்மைகள் தரைக்கு வந்தன. "சித்தியவை வந்தால் இஞ்சைதான் படுக்கிறது" என்றார். பிட்டுக்கு அரிசி மாவைப் பெரிய சட்டியில் போட்டு வறுத்தார். ஒரு தோள்பையில் எங்கள் மூன்று பேரின் பாஸ்போர்ட், தன் தாலிக்கொடி, ஒரு டோர்ச், ஒரு துவாய், என்னுடைய ஒரு கம்பளிச் சட்டை எல்லாவற்றையும் அடுக்கி வாசல் கதவடியில் வைத்தார்.

"நாங்கள் எங்கை போறம்?" என்று கேட்டேன்.

"எங்கையும் இல்லை."

"அப்ப ஏன் பை?"

"இருக்கட்டும்" என்றார். அப்பா அந்தப் பையைப் பார்த்துவிட்டு சவரத்தின் மிச்சத்தை முடிக்கப் போனார். அம்மாவைப் பகிடி பண்ணாத அப்பாவை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குக் காய்ச்சல் வருமாப்போல இருந்தது. தொட்டுப் பார்த்தேன், வரவில்லை.

அடுத்த நாள் நான் பள்ளியால் வந்து கொஞ்ச நேரத்தில் கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் சித்தி வழிநடுவில் ஒரு விடுதி அறைக் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பாவுக்கு டெக்சாஸில் புது வேலை. அம்மா பயந்து சாவார் என்று சித்தி விஷயத்தைப் போய்ச் சேரும்வரை மறைத்து வைக்க நினைத்திருக்கிறார். மூத்தவருக்குச் சொல்லாமல் கிளம்புவது மரியாதை இல்லை என்று சித்தப்பாவோ ரகசியமாக நல்ல தமிழில் செய்தி அனுப்பியிருக்கிறார். சார்ஜர்கள் எல்லாம் சாமான் லொறியோடு போய்விட்டதால் கைபேசிகள் இரண்டும் செத்துவிட்டன. விடுதிக்கு வந்த பிறகுதான் ஒரு சார்ஜர் கிடைத்ததாம். சின்னவன் அழுதது தன் சைக்கிளை லொறியில் ஏற்றிவிட்டார்கள் என்று.

"ரிலொகேட் பண்றோம்னு சொல்ல வந்தேன் அண்ணா. நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு அகராதில பாத்துச் சொன்னேன்" என்றார் சித்தப்பா பாவமாக. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு ஒரே கதையும் சிரிப்பும்தான். லொறி வந்து சேரக் கிழமைக்கணக்கில் ஆகலாமாம். அதுவரை வெறுந்தரையில் படுக்கவேண்டுமாம். மாநிலம் மாறினால் பள்ளிக்கூடம் தொடங்கும் மாதமே மாறிவிடுமாம். காருக்குப் புது இலக்கத்தகடு, சித்தப்பாவுக்கும் சித்திக்கும் புது ஓட்டுநர் உரிமம், எங்கள் பிரெஞ்சில் பெர்மி. "ஒரே நாட்டுக்குள்ளை பெர்மி மாத்துறதோ? இஞ்சை பக்கத்திலை சார்செல்லுக்குப் போனாலும் அதுதான், மர்செய்க்குப் போனாலும் அதுதான்!" என்று அப்பா அதிர்ந்துபோனார். சித்தி ஆசையாக வளர்த்த கறிவேப்பிலைச் செடியைக்கூட அந்த மாநிலத்துக்குள் கொண்டுபோக விடமாட்டார்களாம். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாராம். "கறிவேப்பிலைக்கும் விசாவோ!" என்றார் அப்பா.

எனக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. இடம்பெயர்வது என்றால் வீடு மாறுவதுதானா? இதற்கா இவ்வளவு? வீடு மாறினால் யாராவது சாவார்களா? மாமா பாவம், வேறு ஏதோ வருத்தத்தில் போயிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளையளைக் காட்டு" என்றார். சித்தி கைபேசியைத் திருப்பினார். பெரியவன் கையசைத்தான். "மற்றவன்?" சின்னவன் போர்வைக்குள் இருந்து தலையை நீட்டினான். "அவரையும் காட்டு." சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்து நின்றார். நாலு பேரையும் பார்த்து முடித்த பிறகுதான் அம்மா மூச்சை விட்டார்.

"சரி, கவனமாப் போங்கோ. வழியிலை இறங்குற இடங்களிலை ஆக்கள் கூட்டமா இருக்கும். சின்னவன்ரை கையை விட்டிடாதை" என்றார். அம்மா யோசித்துச் சொன்னதில்லை. எந்தப் பயணத்துக்கும் எல்லோருக்கும் சொல்வதுதான்.

சித்தியின் சிரிப்பு நின்றது. உருளைக்கிழங்குப் பொரியல் பிடித்த கை வாய்க்குக் கீழே அப்படியே நின்றது. கண்கூட அசையவில்லை. இந்தப் பக்கம் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா எழுந்து யன்னலடிக்குப் போனார்.

சண்டைக்குப் பயந்து ஊரே வெளிக்கிட்டு ஒரே தெருவில் நடந்த அந்த இடப்பெயர்வில், இருட்டில், நெரிசலில், மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது சித்தி என்பதை நான் அறிந்தது பல வருடங்களுக்குப் பிறகு. அப்போது சித்திக்கு என் வயதுதான்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. படம் நின்றுவிட்டது, இணைப்புச் சரியில்லை என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு, அசையாமல் இருந்த சித்தியின் முகத்தை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன்.